நஃபீஸத்தின் மாடி அறை

நஃபீஸத்தால் போன இடத்தில் சும்மா இருக்க முடியாது. பாளையங்கோட்டையில் என்னோடு ஒரு சமுதாயக் கல்லூரியில் உள்அலங்கார வடிவமைப்பு டிப்ளமோ சேர்ந்த முதல் வாரமே வகுப்பு பெஞ்சுகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். களக்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, காபி ஆறுவதற்குள் பீரோவை நகர்த்தச் சொன்னாள். "ஏட்டி, வந்தா செத்த நேரம் இருக்க மாட்டியா?" என்று கத்தினேன். நகர்த்திய பிறகு அறை பெரிதாகத்தான் தெரிந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

டிப்ளமோ முடித்தால் சென்னையில் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். அதற்கு நிஜமாகவே ஓர் அறையை மாற்றியமைத்துப் படம் அனுப்ப வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. வகுப்பில் கால் ஆடிக்கொண்டே இருக்கும், நகத்தைக் கடித்துத் துப்புவாள். காயல்பட்டினத்தில் தன் வீட்டு மாடி அறையைக் கேட்டாள். உம்மா ஆபிதா பீவி மறுபேச்சில்லாமல் கொடுத்தார். தச்சர் வந்தார், பெயின்ட் வந்தது, கேட்டதெல்லாம் வந்தது.

"எங்க உம்மா கேட்டதும் தர்ற ஆளே இல்லட்டி. எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

படம் எடுக்கிற அன்று நானும் போனேன். விளக்கைப் பிடித்து நின்றபோது, உம்மா அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலை சரசரக்க மாடி ஏறி வந்தார்கள். அந்த ஊரில் கல்யாணமானால் பெண் வீடு மாறுவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். மகள் தானாக அறையைச் சீர்செய்கிறாள் என்றதும் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றே உம்மா எடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எம்புள்ளயே பாத்துப் பாத்துச் செஞ்சது," என்றார் பூரிப்போடு.

வந்தவர்களில் மூத்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "கட்டிலு எங்கன போடுவீங்க?"

நஃபீஸத்தின் முகம் வெளுத்தது. "இது என் படிப்புக்குச் செஞ்சது, உம்மா. நான் சென்னைக்குப் போகப்போறேன்."

எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆபிதா பீவியின் உதடு துடித்தது. மகளுக்கு ஓர் அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"அவ படிச்சிட்டு வரட்டும். வீடு அவ பேர்லதான் இருக்கு. அறை எங்கயும் ஓடிப்போவாது."

சண்டைக்குத் தயாராக நின்றவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

அவர்கள் போன பிறகு உம்மா என்னிடம் கேட்டார்: "கலையரசி, நீயும் போறியா புள்ள?"

"இனிமே படிக்கணும்னா கட்டிக்கிட்டுப் போற வீட்ல போய்ப் படின்னு அப்பா சொல்லிட்டாவ."

எங்கள் வீடு தம்பிக்கு. போகிற வீடு மாப்பிள்ளைக்கு. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. ஜூனில் நஃபீஸத் சென்னைக்கு ரயிலேறினாள். வழியனுப்ப நான் போகவில்லை.