நான் போட்ட பாலிஷ்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் என் லேத் பட்டறை பாலிஷுக்கு ஈடு கிடையாது, இன்றைக்கும் சொல்வேன்.

ஆராய்ச்சி மாணவி சுகன்யா, தொலைநோக்கியில் பொருத்த ஒரு குழாய் கேட்டாள். எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் ஒளி எந்தப் பக்கமாக அதிர்கிறது என்று பார்த்தே, அதில் காந்தம் உண்டா என்று கண்டுபிடிப்பார்களாம்.

"உள்பக்கம் மங்கலான கறுப்பா இருக்கணும், அங்கிள்."

எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணாடியாய் மினுக்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தாள். என் ஆட்கள் காதில் விழாதபடி தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னாள்: "காந்தமே இல்லாத நட்சத்திரத்துலயும் காந்தம் காட்டுது, அங்கிள். உங்க பளபளப்புல பட்டுத் திரும்பின ஒளி, அதிர்வு மாறி ஏமாத்திடுச்சு. மூணு மாச வேலை போச்சு."

குழாயை என்னிடம் நீட்டினாள்.

"கறுப்பு அடிச்சுக் குடுங்க. முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். வேற பட்டறைக்குப் போக மாட்டேன்."

நானே அடித்தேன். கேட்டதைக் கேட்டபடி செய்வதும் திறமைதான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயதாகியிருக்கிறது.