தாம்பாளத்தில் ராகிக் கூழ்

"கை அழுக்காகணும். இப்போதைக்கு அதுதான் மருந்து" என்றார் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தில் எங்களைப் பார்த்த மேடம். என் மகள் என் மடியில் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் ஒரு தட்டில் வெள்ளை நுரை இருந்தது. மேடம் அதில் ஒரு பொட்டு எடுத்து அவள் விரலில் வைத்தார். அவ்வளவுதான். அந்தக் கையை யாருடைய கையோ போல உடம்பிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டு, துடைத்துவிடும் வரை அலறினாள்.

அவளுக்கு இரண்டே முக்கால் வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஈரமானது, ஒட்டுவது, குழைவது எதையும் தொட மாட்டாள். ஒரு பருக்கைச் சோற்றைக்கூடத் தன் கையால் எடுத்துச் சாப்பிட்டதில்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சின்னப் பள்ளி இருக்கிறது. ஜூனில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் குழந்தை டிபன் பாக்ஸைத் திறந்து தானாகச் சாப்பிட வேண்டும், ஊட்டிவிட ஆள் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அங்கே போனால் மற்றக் குழந்தைகளைப் பார்த்துப் பேச்சு வந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு நம்பிக்கை எதுவும் கைவசம் இல்லை.

இத்தனைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் அவள் நன்றாகச் சாப்பிடும் குழந்தை என்று பெயர் வாங்கியவள். பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து, பருப்பு டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்துப் பாட்டைப் போட்டுவிடுவேன். போனைக் கண்டதும் வாய் திறக்கும். நான் வைப்பேன், விழுங்குவாள், மறுபடி திறப்பாள். கிண்ணம் காலியாகும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய நாட்களில்கூட எனக்கு அது வந்ததில்லை. "புள்ளைய எப்படி வளர்க்கறா பாரு" என்று என் நாத்தனார் சொன்னதை மனதுக்குள் பலமுறை போட்டுக் கேட்டிருக்கிறேன்.

மேடம் அதைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்லவில்லை. "யார் தப்பும் இல்லம்மா. வீட்லயே பண்ணுங்க. வாய்க்குள்ள போனாலும் பரவாயில்லாத பொருளா எடுங்க. நீங்க முதல்ல விளையாடுங்க, அவ பாக்கட்டும். தொட்டான்னா ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றார். யார் தப்பும் இல்லை என்று சொன்னதை வண்டியில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். எல்லா அம்மாக்களிடமும் இப்படித்தான் சொல்வாரா?

அன்றிலிருந்து நான் அழுக்கு தயாரிக்கத் தொடங்கினேன். போனில் நான் பார்த்த அம்மாக்கள் வெள்ளை அறைகளில், மரத் தட்டுகளில், நிறம் நிறமாகக் கலக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் குழந்தைகள் முழங்கை வரை மூழ்கிச் சிரித்தன. எங்கள் வீட்டில் இருந்தது கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் தாம்பாளமும், சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே கொஞ்சம் தரையும்தான். பழைய மழைக்கோட்டைக் கிழித்து விரித்தேன். தயிரில் பீட்ரூட் சாறு கலந்து வைத்தேன். சேமியாவை வேகவைத்து ஆறவிட்டேன். சப்ஜா விதையை ஊறவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, "ஹை! பாரு பாரு, ஜில்லுனு இருக்கு!" என்று ஒரு விளம்பரக்காரியின் குரலில் கத்தினேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பாள். பிறகு ஜன்னல் பக்கம் போய்விடுவாள்.

ஊறிய ஜவ்வரிசியை எடுத்த நாளில் வேறு விதமாக முடிந்தது. விளையாட்டு முடிந்து, அதாவது நான் விளையாடி முடித்து, எல்லாவற்றையும் பாத்ரூமில் ஊற்றிக் கழுவிவிட்டேன். மறுநாள் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார ஆன்ட்டி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஏம்மா, இன்னாத்த ஊத்துன? எங்க பாத்ரூம்ல தண்ணி எதுத்துக்கினு வருது!"

குழாய் வேலை செய்கிறவர் கம்பியை விட்டு இழுத்தபோது கொழகொழவென்று வெள்ளையாக வந்தது. ஆன்ட்டி குனிந்து பார்த்தார்.

"ஜவ்வரிசியா? பைப்புக்குப் பாயசம் வெச்சியா?"

"பாப்பா விளையாடறதுக்கு ஆன்ட்டி. பயிற்சிக்குப் போற எடத்துல சொன்னாங்க."

"வெளையாட்டா! எங்க புள்ளைங்க மண்ணத் தின்னுச்சுங்க, நாங்க முதுவுல ரெண்டு வெச்சோம். நீ இன்னாடான்னா நீயே அழுக்கு பண்ணி நீயே கழுவிக்கினு இருக்க." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பண்ணு, பண்ணு. ஆனா டேங்கர் வராத நாள்ல வேணாம், சொல்லிட்டேன்."

அதன் பிறகுதான் ராகிக்கு மாறினேன். ராகி குழாயை அடைக்காது. மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டியில்லாமல் காய்ச்சி, இளஞ்சூடாகத் தாம்பாளத்தில் ஊற்றி வைப்பேன். தினமும் காலையில் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பியதும் இதுதான் வேலை. அவள் தொடவில்லை. பள்ளி திறக்க அதிக நாள் இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், என் மகள் தாம்பாளத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு விரல் கூழுக்குள் இருந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் விரலை இழுத்தாள். பழுப்புக்கு நடுவில் எவர்சில்வர் ஒரு கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. கூழ் மெல்ல வழிந்து அதை மூடியது. அவள் மறுபடி இழுத்தாள். கோடு தெரிந்தது, மூடியது. மூன்றாவது தடவை உள்ளங்கையையே வைத்துத் தேய்த்தாள். வாய்க்குள் ஏதோ ஒரு சத்தம், முனகல் மாதிரி, தனக்குத்தானே. யாரும் ஜில்லென்று இருக்கிறது என்று கத்தவில்லை. யாருமே கூப்பிடாமல் அவள் அங்கே போயிருந்தாள்.

நான் போனை எடுத்தேன். மேடம் கேட்டிருந்தார், பள்ளியில் காட்டலாம், கணவருக்கு அனுப்பலாம். இவ்வளவும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வீடியோவை ஓடவிட்டு, இரண்டடி முன்னால் வந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

அவள் நிமிர்ந்து போனைப் பார்த்தாள். கை கூழிலிருந்து மேலே வந்தது. உடம்பைவிட்டுத் தள்ளி நீண்டது. பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

திறந்தபடியே காத்திருந்தாள். அது சாப்பாட்டு நேரம் இல்லை, அவளுக்குப் பசியும் இருந்திருக்காது. போன் வந்துவிட்டதால் சோறும் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். பாட்டு வராததால் கண்களில் ஒரு குழப்பம் இருந்தது. ஆனாலும் வாயை மூடவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் கையைத் துடைத்தேன். உள்ளே போய் முந்தின நாள் சோற்றில் பால் ஊற்றிப் பிசைந்து எடுத்து வந்து ஊட்டினேன். சாப்பிட்டாள்.

சாயங்காலம் கணவர் வீடியோவைப் பார்த்துத் துள்ளினார். "தொட்டுட்டாளே! நீதான் சும்மா பயந்துட்டு இருந்த."

"முழுசா பாருங்க."

முழுவதும் பார்த்தார். "சரி, வாயத் தொறந்தா. அதுக்கென்ன?"

நான் விளக்கினேன். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஷூ லேசை அவிழ்க்கக் குனிந்தார். "நாளைக்கு போன் இல்லாம ட்ரை பண்ணு" என்றார், நிமிராமல்.

செய்து பார்த்தேன். போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கூழை அவள் தொடவில்லை. போன் இல்லாததால் சோற்றுக்கும் வாயைத் திறக்கவில்லை. மதியம் பட்டினி, ராத்திரி பட்டினி, மறுநாள் காலையில் வெறும் பால். அவள் விலா எலும்பு என் கைக்குத் தட்டுப்பட்டபோது நான் பீரோவைத் திறந்துவிட்டேன். பாட்டு ஒலித்ததும் பறவைக்குஞ்சு போல வாயைத் திறந்தாள். ஊட்டிக்கொண்டே அழுதேன். அவள் பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூனில் அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"தொடறாளே, குட். ஆனா ஏன்மா வாயத் தொறக்கறா?"

கூழைத் தேய்க்கிற இடத்தோடு வெட்டிவிட்டுக் கொண்டு வந்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. "போனைப் பாத்தா சோறு வரும்னு நெனைக்கிறா மேடம்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. சீட்டு எங்கயும் போயிடாது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷத்துக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அடுத்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணின் முழங்கை வரை தயிர்ச்சோறு வழிந்திருந்தது. என் மகள் என் கையை உதறிவிட்டு அவளிடம் போனாள். எதிரில் நின்று அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் கவுனின் ஓரத்தைப் பிடித்து, அந்தப் பெண்ணின் முழங்கையில் வழிந்ததைத் துடைக்க ஆரம்பித்தாள். விரல் எங்கும் படாமல், துணியை மட்டும் வைத்து, மேலிருந்து கீழே, அப்படியே நான் துடைக்கிற மாதிரி.

"பேடா, ஹோகு!" வேண்டாம், போ என்று அந்தப் பெண் கன்னடத்தில் கத்திக் கையைப் பிடுங்கிக்கொண்டாள். தயிர் என் மகளின் கன்னத்தில் தெறித்தது. அலறத் தொடங்கினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.