லாபம், ரெண்டு, மூணு

கரமனையில் ஆறுமுகநயினார் வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த மனிதர் பழைய செருப்பின் வாரைக்கூட எறியமாட்டார். அப்பேர்ப்பட்டவர் பதினாறு வருஷத்து வீடியோ கேசட்டுகளை ஒரே காலையில் ஆட்டோவில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினார் என்றால், அவருக்கு எவ்வளவு தைரியம் வந்திருக்க வேண்டும்! அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நாலு டிஸ்க் போட்ட ஒரு கம்ப்யூட்டர் பெட்டி.

சாலை என்னும் கடைத்தெருவில் பிறந்தவர். அப்பா அரிசி மண்டியில் படி அளந்தார். மகனுக்குப் படியில் கை நிற்கவில்லை, கேமராவில்தான் நின்றது. தொண்ணூறிலிருந்து சாலைக்குத் தெற்கே நடந்த கல்யாணம், சடங்கு, சர்ச் ஆண்டுவிழா எதுவும் நயினார் இல்லாமல் நடந்ததில்லை. எடுத்ததில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி தன் வீட்டில் வைத்துக்கொள்வார். ஆனால் இந்த ஊர் மழை சும்மா விடுமா? ஒவ்வொரு கேசட்டிலும் வெள்ளைப் பூஞ்சை பூத்தது.

அப்போதுதான் அடுத்த தெரு பிச்சுமணி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், இந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தான். நாலு டிஸ்கில் ஒன்று செத்தாலும் மிச்ச மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததைத் திரும்பக் கொடுத்துவிடும், இரண்டு போனால்தான் எல்லாம் போச்சு என்று விளக்கினான். நயினார் காதில் முதல் பாதிதான் ஏறியது. எட்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றினார். பிறகுதான் அந்த ஆட்டோ.

"பத்து கேசட்டாவது கிடக்கட்டுமே, அது உங்ககிட்ட சோறா கேக்குது?" என்று மனைவி முத்தாரம்மாள் கேட்டாள். அவர் கேட்கவில்லை.

ஆட்டோவில் போனவற்றில் ஒன்று அவருடையதே இல்லை, தங்கபாயுடையது. சாலையில் தையல் கடை வைத்திருப்பவள், மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. அவள் மகன் லிபின் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டான். ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவில் அவன் பைபிள் வசனம் ஒப்பித்ததை நயினார்தான் படமெடுத்து, தனக்குப் பிரதி வைக்காமல் ஒரே ஒரு கேசட்டாக அவளிடம் கொடுத்திருந்தார். மகன் போனபின் அதைப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தெம்பு வரவில்லை. தெம்பு வந்தபோது அதிலும் பூஞ்சை. "நான் துடைச்சு ஏத்தித் தாரேன்" என்று வாங்கி வந்து ஏற்றியும் விட்டார். சிடி போட்டுக் கொடுப்பதை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

இரண்டாயிரத்து ஆறு ஜூலையில், ஒரு வியாழக்கிழமை காலை தங்கபாய் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழம பிள்ளைக்க பத்தாம் வருச நினைவு ஜெபம். அந்த சிடிய சனிக்கிழம தந்திருங்க."

"பின்னே, தராம? ஒண்ணும் பேடிக்க வேண்டாம்."

அவள் தெரு தாண்டியதும் பெட்டியைப் போட்டார். அது கீங் கீங்கென்று கத்தியது. திரையில் டிஸ்க் 2 செத்துவிட்டதாக ஒரு வரி. நயினார் அசரவில்லை. ஒன்று போனால் என்ன, மாற்றுக்குப் புது டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறாரே! மூடியைத் திறந்து, 2 என்று சீட்டு ஒட்டியிருந்த டிஸ்கை உருவினார். புதியதை மாட்டினார்.

அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு படம்கூட இல்லை. திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி: பழசைக் காணோம், புதிதாக அமைக்கட்டுமா? ஆமாம் என்ற பித்தான் மேல் விரலை வைத்துவிட்டார். என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டுப் பிச்சுமணிக்குப் போன் போட்டார்.

"ஐயையோ, அழுத்திடாதேங்கோ! அழுத்தினா சுத்தமாத் தொடச்சுடும். கரண்ட்டை அணைச்சுட்டுக் கையைக் கட்டிண்டு உக்காருங்கோ. நான் இப்போ பெங்களூர்ல இருக்கேன், சனிக்கிழமை காலம்பற வரேன்."

அந்த இரண்டு நாளும் நயினார், தான் எடுத்த கல்யாணப் படங்கள் மொத்தமும் போகட்டும், லிபினின் அந்த நாலு நிமிஷம் மட்டும் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார். அடுத்தவள் பிள்ளையை வாங்கி வந்து தொலைத்துவிட்டோமே என்று அணைத்த பெட்டியின் முன்னால் போய்ப் போய் நின்றார். முத்தாரம்மாள் நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பிச்சுமணி வந்து மூடியைத் திறந்தான். டிஸ்குகளின் சீட்டைப் பார்த்தவன் நிமிர்ந்தான்.

"இதென்ன அண்ணாச்சி, முதல் டிஸ்குல 'லாபம்'னு எழுதியிருக்கேள்?"

"ஒண்ணுன்னு சொல்லப்படாதுல்லா? எங்க அப்பா அப்படித்தான் அளப்பாரு. லாபம், ரெண்டு, மூணு, நாலு."

பிச்சுமணி தலையில் அடித்துக்கொண்டான். "மெஷின் சைபர்லேர்ந்து எண்றது, அண்ணாச்சி! சைபர், ஒண்ணு, ரெண்டு. அது ரெண்டுன்னா உங்க சீட்டுல மூணு. நீங்க நன்னா இருந்ததைப் பிடுங்கிட்டேள். செத்தது ஒண்ணு, பிடுங்கினது ஒண்ணு. அதான் மொத்தமும் படுத்துடுத்து."

நயினார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மண்டியில் லாபம் சொல்லி அளந்து யாருக்கும் ஒரு மணி குறைந்ததில்லை. அந்த எண்ணிக்கை தன் கையில் வந்து இப்படியா கழுத்தை அறுக்க வேண்டும்?

பிச்சுமணி புது டிஸ்கைக் கழற்றினான். உருவிய டிஸ்கை அதன் இடத்தில் மாட்டி, மூன்றையும் வலுக்கட்டாயமாகச் சேர்த்து எழுப்பினான். ஒருதரம் எழவில்லை. மறுதரம் எழுந்தது. கல்யாணங்கள் வரிசையாகத் திரையில் வந்தபோது நயினார் அவற்றைப் பார்க்கவே இல்லை. லிபினின் படத்தைத் தேடிப் போட்டார். வெள்ளைச் சட்டையில் பையன் மேடையேறி, வாய் திறந்து, அப்படியே கட்டம் கட்டமாக உறைந்துவிட்டான்.

"மிச்ச மூணு டிஸ்குல ஒண்ணுல சில இடம் கெட்டிருக்கு. செத்ததையும் போட்டுப் பாத்தேன், ஆனா அது சுத்தவே மாட்டேங்கறது. இதுக்கு மேல என் கையில இல்லை, அண்ணாச்சி" என்றான் பிச்சுமணி.

நாலு மணிக்குத் தங்கபாய் வந்தாள். நயினார் அவளை உட்காரச் சொல்லி, ஆட்டோவிலிருந்து தொடங்கி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

தங்கபாய் எழுந்துவிட்டாள்.

"எனக்க பிள்ளைய குப்பையிலயா போட்டிய?"

அவள் திரைப் பக்கம் திரும்பினாள்.

"இருக்கத போடுங்க."

போட்டார். பையன் மேடைக்கு வந்தான். உறைந்தான். முகம் கலைந்து கட்டங்களாக நின்றது. சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கணீரென்று, ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு வாங்கிக்கொண்டு. பார்க்கச் சகிக்காமல் நயினார் நிறுத்தக் கையை நீட்டினார்.

தங்கபாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிப்பாட்டாதீங்க. முகம் எனக்கு மறக்கல்ல, அண்ணே. வீடு முழுக்க போட்டோ இருக்கு. சத்தம்தான் ஓர்மையில வராம பத்து வருசமா கிடந்து துடிச்சேன்."

வசனம் முடிந்து கைதட்டல் கேட்டது. அவள் பிடித்த கையை விடவில்லை.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள்.