காதுக்காரரின் விசில் சோதனை

என் அக்காவின் கணவர் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர். வயது ஐம்பத்தெட்டு. கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'காதுக்காரர்'. வீட்டில் பாட்டுக் கேட்க எதை வாங்குவதானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். "மீட்டர் ஏமாத்தும், என் காது ஏமாத்தாது" என்பார். அந்தப் பேரை வைத்துத்தான் மனுஷன் நிமிர்ந்து நடந்தார்.

ஆம்ப்ளிஃபயரில் அவர் கட்சி கிளாஸ் ஏ. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தையும் இழுத்து அடுப்பு மாதிரி கொதிக்கும் ரகம் அது. அதில் பாதி சூட்டோடு ஓடும் ஏபி ரகத்தைப் "பரவாயில்ல" என்பார். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை அணைந்து எரிந்து, சூடே ஆகாமல் வேலை பார்க்கும் கிளாஸ் டி என்றால் முகம் சுளிப்பார்.

நான் வாங்கியது கிளாஸ் டி. கொழுப்பு, அதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

இரண்டு நிமிடம் கேட்டார். "மேல் சத்தமே இல்ல மாப்ள. வயலினெல்லாம் போர்வைக்குள்ள கிடக்கு."

"உங்க பெட்டி சூடா இருக்கு, அதனால சத்தமும் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிறீங்க மாமா."

அவருக்குச் சுருக்கென்றது. மேல் சத்தத்தைச் சோதிக்கும் பதினாலாயிரம் ஹெர்ட்ஸ் விசிலை என் பெட்டியில் ஓடவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். வால்யூம் குமிழைத் திருகினார், இன்னும் திருகினார்.

"பாத்தியா? ஒண்ணுமே வரல."

எனக்கோ அந்தக் கீச்சில் பல் கூசியது. மனுஷன் என்னை ஓட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்து அதே விசிலைத் தன் கிளாஸ் ஏ பெட்டிக்கு மாற்றினார். குமிழ் முக்கால்வாசி திரும்பியதும் அவர் முகம் மாறியது.

"வயர் விட்டுப்போச்சோ?" என்று சால்டரிங் அயர்னைத் தேடினார்.

அக்கா காதைப் பொத்திக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். "அந்த விசில நிறுத்துங்களேன். ரெண்டு பேரும் எப்படித்தான் அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்களோ."

அவர் அக்காவையே பார்த்தார். பிறகு மூலையில் தூசி படிந்து கிடந்த, சத்தத்தை அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை எடுத்து இணைத்தார். திரையில் அலை ஓடியது. என் பெட்டியிலும் அவர் பெட்டியிலும் ஒரே உயரம்.

"எத்தன வருஷமா இப்படி?" என்றார் காதைத் தடவிக்கொண்டே. கேள்வி எங்கள் இருவருக்கும் இல்லை. வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அப்புறம் கடையைச் சாத்திவிடுவார் என்றுதான் பயந்தேன். சாத்தவில்லை. வேலை மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் வந்தது. ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு பெட்டியிலும் விசில் ஓடும். கேட்கிற வரைக்கும் அக்கா விரலைத் தூக்கி வைத்திருப்பாள். எது நல்ல ரகம் என்று கேட்டு வருகிறவர்களிடம், "அவளக் கேளுங்க. அவ சொன்னா சரியா இருக்கும்" என்கிறார். பழைய கட்சியை மட்டும் விடவில்லை. வீட்டில் இன்னும் அந்த அடுப்புதான் கொதிக்கிறது.

போன வாரம் போயிருந்தபோது அதில் ஒரு வயலின் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்று பக்கத்திலிருந்த அக்காவிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல. சன்னமாப் போகுது."

அவர் கையை எடுத்துவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் "ம், இப்ப முடிஞ்சுது" என்ற பிறகுதான் அணைத்தார்.