ரேடியோ அக்காவின் காது

எங்கள் ஆலையில் அவளுக்குப் பெயர் ரேடியோ. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. யார் வீட்டில் என்ன விசேஷம், மேஸ்திரிக்கு யார் மேல் கோபம், எந்த ஷிஃப்டுக்கு யாரை மாற்றப் போகிறார்கள், எல்லாச் செய்தியும் அவள் தறியிலிருந்துதான் புறப்படும். எனக்கு அவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. முதலில் எதிர்த் தறிக்காரி, பிறகு பக்கத்து வீட்டுக்காரி. கூடப் பிறந்தவர்கள் எனக்குச் செய்த லட்சணத்தையும் பார்த்துவிட்டேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நெசவுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே ஒருத்தி கத்திப் பேசினால் அவள் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம். மற்றவர்கள் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்று அக்கா அவரைப் பற்றி ஒரு முழுக் கதையே சொல்லி முடிப்பாள். அவர் திரும்பும்போது அவள் பரம சாதுவாக அறுந்த நூலை முடிந்துகொண்டிருப்பாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டு திட்டு வாங்குவது நான். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் வேலை பார்க்கவில்லை.

என்னைச் சீக்கிரமே துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். என் காது தப்பியது. அக்கா ஆலையை மூடும்வரை தறியிலேயே நின்றாள். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது அவளுக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சட்டை செய்திருக்க மாட்டாள். எதிரே இருப்பவர் உதடு தெரிந்தால் போதும், அவளுக்குக் கேட்ட மாதிரிதான்.

ஆனால் தொலைபேசிக்கு உதடு கிடையாதே. அவளுடைய ஒரே மகள் கல்யாணமாகித் தூர தேசம் போயிருந்தாள். முகம் பார்த்துப் பேசும் வசதியெல்லாம் வராத காலம் அது. மணி அடித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். மகள் சொல்வதை நான் காதில் வாங்கி, ஆலையில் பேசியது போலவே உதட்டால் அக்காவுக்குச் சொல்வேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே பதில் பேச, ரிசீவரை அவள் பக்கம் சாய்ப்பேன். குறை சொல்ல முடியாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் மகள், "சித்தி, அம்மாகிட்ட நான் தனியா பேசணும்" என்றாள்.

"என்கிட்ட சொல்லும்மா. அப்படியே சொல்லிடறேன்."

"உங்ககிட்ட சொல்ல முடியாது சித்தி. தப்பா நினைச்சுக்காதீங்க."

"அப்ப ஒரு கடுதாசி எழுதேன்."

"எழுத உக்காந்தா வர மாட்டேங்குது சித்தி."

அதற்குப் பிறகு அழைப்புகள் குறைந்தன. வந்தாலும், நல்லா இருக்கேன், அம்மாவப் பாத்துக்குங்க, அவ்வளவுதான். நான் இதை அக்காவிடம் மறைக்கவில்லை. அவள் தொலைபேசியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "எனக்குக் காது வேணும்டி" என்றாள்.

காது மெஷின் விலையைக் கேட்டதும் இரண்டு பேரும் கடைப் படி இறங்கிவிட்டோம். அரசு உதவிக்குப் போய் நின்றால், ஓய்வூதியம் வரம்பைத் தாண்டுகிறது என்றார்கள். அந்தப் பெருஞ்செல்வத்தை வாங்கிக் குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆலை மூடினாலும் தொழிற்சங்கத்தின் நல நிதி மூடவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தறிச் சத்தத்தில் காது போனவர்களுக்கு அதில் உதவி உண்டு, டாக்டர் சான்று மட்டும் வேண்டும் என்றார்கள்.

சங்க அலுவலகத்துக்கு டாக்டர் வந்த நாளில் அவளைக் கூட்டிப் போனேன். உள்ளே ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள். திரும்பி வரும்போது அக்காவின் முகத்தில் வெளிச்சம்.

"எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொல்லிட்டேன். கடைசியில குசுகுசுன்னு கேட்டாரு பாரு, அதையும் விடல."

அவர் வாயைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பயந்தபடியே, மெஷின் தேவைப்படும் அளவுக்குக் குறை இல்லை என்று பதில் வந்தது.

"ஏன்க்கா, கேக்காததை எல்லாம் ஏன் கேட்டுத் தொலைச்சே?"

"மனுஷன் ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்லாம உக்காந்திருக்க முடியுமா? மரியாதையா இருக்குமா?"

இவளை என்ன செய்ய? கோபத்தில் அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. டாக்டர் அடுத்த முறை வந்தபோது கேட்காமல் கொள்ளாமல் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். "டாக்டர், நீங்க பேசினது எதுவும் இவ காதுல விழல. உங்க உதட்டைப் படிச்சிருக்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, "உங்க மக எங்கம்மா இருக்காங்க?" என்று கேட்டார். அக்கா காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்னும் உரக்கக் கேட்டார். கடைசியில் கத்தியே கேட்டார். சிரிப்பு அப்படியே இருந்தது.

"டாக்டர் எங்கடி போனாரு?" என்று என்னைக் கேட்டாள்.

தினம் பார்க்கிற எனக்கே அது இவ்வளவு தூரம் போயிருந்தது தெரியவில்லை. டாக்டர் அவரே பெரிய மருத்துவமனைக்குச் சொல்லி, சத்தம் புகாத கண்ணாடி அறையில் முறையான சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ஒரு காதுக்குச் சங்கம் கொடுத்தது. இன்னொன்றுக்கு மருத்துவமனையோடு இருந்த அறக்கட்டளையில் நடையாய் நடந்து வாங்கினோம். பொருத்துவதும் சரிபார்ப்பதும் இலவசம் என்றபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மெஷின் போட்ட முதல் நாள் அக்கா எல்லாவற்றையும் குறை சொன்னாள். தன் செருப்பு இப்படிச் சத்தம் போடுமா என்றாள். "உன் குரல் இவ்வளவு கட்டையாடி? ஆலையில நீ அழகாப் பேசுவியே" என்றாள். நானும் விடவில்லை. "காசு குடுத்தவங்ககிட்ட திருப்பிக் குடுத்துடலாமா?" என்றேன்.

அந்த வாரமே மணி அடித்தது. பழக்க தோஷம், நான் ஓடினேன். அதற்குள் அவளே எடுத்துக் காதில் வைத்திருந்தாள். மெஷின் கீச்சென்றது. சொல்லிக்கொடுத்தபடி ரிசீவரைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தாள். அப்புறம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. மெஷின் காலை வாரிவிட்டதோ என்று நினைத்து, நான் கேட்டுச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை காலமும் மகளுடைய ஒரு வார்த்தையைக்கூட நான் விட்டதில்லை. ஆனால் அழுகையை உதட்டால் சொல்ல எனக்குத் தெரியாது.

"பேச வேணாம்மா" என்றாள் அக்கா. "அழு. அம்மாவுக்குக் கேக்குது."