கூரையைப் பார்த்து அடித்த பிளாஷ்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். மேடையில் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன் பிளாஷின் தலையை மேலே திருப்பிவிட்டுக் கூரையைப் பார்த்து அடித்தான். எனக்குத் திக்கென்றது. முன்வரிசையிலிருந்து யாராவது எழுந்து சண்டைக்குப் போவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஏன் அப்படித் திக்கென்றது என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் என் அண்ணன் அதே பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தான். பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. காலேஜ் பெண்பிள்ளைகள், உள்ளே ஒரு பொண்ணு இருக்கிறாள் என்பதற்காகவே எங்கள் கடைக்கு வருவார்கள்; அவர்களை எடுத்து எடுத்துத்தான் நான் தொழில் பழகினேன். ஒரு தை மாதம் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்து மாட்டியது. ஆழ்வார்குறிச்சிக் கல்யாணம் எனக்கு என்று முடிவானது. கேமரா இரண்டு இருந்தது, பிளாஷ் ஒன்றுதான். இன்னொன்று வாங்க டவுனுக்குப் போனோம்.

கடைக்காரர் கண்ணாடி மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, கைப்பிடியோடு சுத்தியல் மாதிரி இருந்தது. அதற்குத் தோளில் ஒரு பாட்டரிப் பெட்டி தொங்கும். அதோடு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் கூட்டம் தானாக வழிவிடும். இன்னொன்று கேமரா உச்சியில் உட்காருகிற சின்னது. ஆனால் அதன் தலை, சொன்ன பக்கமெல்லாம் திரும்பும். அண்ணனிடம் ஏற்கெனவே இருந்ததும் தோள் பெட்டிதான்; இப்போதும் பெரியதைத்தான் கையில் எடுத்தான்.

"தோள்ல பெட்டி தொங்குனாத்தான் மதிப்பான். இத வச்சுக்கிட்டு நின்னா, விருந்தாளின்னு நெனச்சு சாப்பிடக் கூப்பிடுவாங்க" என்றான்.

நான் விடவில்லை. ஸ்டூடியோவில் விளக்கை நேராக முகத்திலா அடிக்கிறோம்? வெள்ளைக் குடைக்குள் அடித்து, திரும்பி வருகிற வெளிச்சத்தில்தானே எடுக்கிறோம். கல்யாண மண்டபத்தில் சுண்ணாம்படித்த கூரை இருக்கிறது, அதையே குடையாக்கிக்கொள்ளலாம் என்று கடையிலேயே வைத்து வாதாடினேன். நேராக அடித்தால் என்னவாகும் என்பது அந்தக் கால ஆல்பம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். நெற்றியில் வியர்வை பளபளக்கும், பவுடர் சாம்பலாகத் தெரியும், ஒவ்வொருவருக்கும் பின்னால் சுவரில் கரிய ஆள் ஒருவர் நிற்பார். கடைசியில் அண்ணன் இறங்கி வந்தான், ஒரு நிபந்தனையோடு. படம் சொதப்பினால் அதன்பிறகு நான் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

அந்தப் பிளாஷுக்கு ஒரு பாட்டு உண்டு. ஒவ்வொரு முறை அடித்ததும், அடுத்ததற்குத் தயாராகும்வரை கொசு மாதிரி ஙொய்யென்று பாடும். பாட்டரி செல் தீரத் தீரப் பாட்டு நீளும். ஓய்ந்த செல்லை வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பார்கள். மொட்டைமாடியில் அம்மாவின் கூழ்வற்றலுக்குப் பக்கத்தில் என் செல்களும் காய்ந்தன. ஒருநாள் காக்கா அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வற்றலைவிட அது நல்ல நிறமாக இருந்திருக்க வேண்டும்.

வெத்து பிளாஷ் என்றால் இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான் விழும். மேடையேறுகிற சொந்தமோ தெருவடைக்க நிற்கும். அதனால் கல்யாண வீட்டார் முதலிலேயே எங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஜாடை சொல்லிவைப்பார்கள். துண்டைச் சரிசெய்தால் படம் எடு, தாடையைச் சொறிந்தால் வெளிச்சம் மட்டும் காட்டு. பிளாஷின் முதுகில், சோதித்துப் பார்க்க என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை மட்டும் அமுக்கினால் வெளிச்சம் வரும், படம் விழாது. வெளிச்சத்தை வாங்கிக்கொண்டவர்கள் சந்தோஷமாகப் பந்திக்குப் போவார்கள். பிற்பாடு ஆல்பத்தில் எங்களைக் காணோமே என்று கேட்டால், பிலிமில் வெளிச்சம் புகுந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம்.

ஆழ்வார்குறிச்சியில் பெண்ணின் தாய்மாமா குடும்பத்தோடு மேடையேறினார். நான் பிளாஷின் தலையைத் திருப்பிக் கூரையில் அடித்தேன். வெளிச்சம் தன் மேல் விழாமல் மேலே போனதை அவர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, எங்களுக்கு வெத்து பிளாஷா அடிக்க? இந்த வித்தையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். எம் மவ கல்யாணத்துல நானே இப்பிடி அடிக்கச் சொன்னவன்."

பக்கத்தில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். மாமாவுக்குத் தங்கை மாப்பிள்ளை. மாமா மகள் கல்யாண ஆல்பத்தில், பிலிமில் வெளிச்சம் புகுந்து காணாமல்போன படம் அவருடையதுதான். பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொல்லிவிட்டோம் என்று மாமாவுக்கும் புரிந்துவிட்டது, ஆனாலும் வீறாப்பு விடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிளம்பலாம் என்று மனைவியைக் கூப்பிட்டார். தாய்மாமன் சாப்பிடாமல் போன கல்யாணத்தை ஊர் எத்தனை காலம் பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அண்ணாச்சி, உங்களுக்குத் திருப்தியா நேரா அடிச்சும் ஒண்ணு எடுக்குதேன். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல ஒட்டித் தாரேன். மொத அடிச்சது வரலைன்னா இந்தக் கேமராவ நீங்களே வச்சுக்கிடுங்க" என்றேன். அது அண்ணனுடைய கேமரா.

பெண்ணின் அப்பா மெதுவாக, "இருங்க அத்தான். படம் வரட்டும், பேசிக்கிடுவோம்" என்றார். மாமா இருந்தார், சாப்பிட்டார். அவியலை இரண்டாம் தரமும் வாங்கினாராம்.

ஆனால் முடிச்சு அவிழவில்லை. அந்தப் படம் வராவிட்டால், பெண்ணின் அப்பா பழிவாங்கிவிட்டார் என்றுதான் ஆகும். அவர் மனைவிக்குப் பிறந்த வீடு இல்லாமல் போகும். ரோல் லேபுக்குப் போய்த் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டபத்துக் கூரை உயரமோ, லென்ஸை இன்னும் திறந்திருக்க வேண்டுமோ என்று புலம்பினேன். படங்கள் வந்த அன்று லேப் வாசலிலேயே உறையைப் பிரித்தேன். பார்த்ததும் அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆல்பத்தை நானே ஆழ்வார்குறிச்சிக்குக் கொண்டுபோனேன். மாமாவும் அவர் மனைவியும், அதாவது பெண்ணின் அத்தையும் வந்திருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார, அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். நேராக அடித்ததில் மாமாவின் நெற்றி பித்தளைச் சொம்பாக மின்னியது. அத்தையின் முகத்தில் மூக்குத்தியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மற்றதில் எல்லோரும் எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருந்தார்கள். அத்தையின் கறுப்பு அதன் சொந்த நிறத்தில் இருந்தது.

"நான் இப்பிடியா இருக்கேன்?" என்று அத்தை பையக் கேட்டார். "போட்டோவுக்கு நமக்கு ஆகாதுன்னுல்லா இத்தன வருசமா ஒதுங்கி நின்னேன்."

மாமா, நேராக அடித்த படத்தைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார்.

"மாப்ள, இங்கன வந்து எம் பக்கத்துல நில்லும்" என்று பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "எடும்மா. நீ சொன்னபடியே மேல பாத்து அடி."

அது ஓட்டு வீடு, மேலே இருட்டு. ஒரு வெள்ளை வேட்டி கேட்டேன். இரண்டு பேர் நாற்காலியில் ஏறி அதைப் பந்தல்போல விரித்துப் பிடிக்க, நான் வேட்டியைப் பார்த்து அடித்தேன். மாமா கை மாப்பிள்ளையின் தோளில் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்படியொரு வெற்றி அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததில்லை. அந்த வருஷம் முழுக்க, "மேல பாத்து அடிக்கிற பிள்ளைய அனுப்புங்க" என்று கேட்டுத்தான் ஆள் வந்தது. அண்ணன் தோள் பெட்டியைச் சத்தமில்லாமல் பரணில் ஏற்றினான்.

சென்ற மாதக் கல்யாணத்தில் அந்தப் பையன் எடுத்த படத்தை உடனே திரையில் காட்டினான். இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். இப்போது யாரையும் விட்டுவிட வேண்டிய அவசியமில்லை. எத்தனை வேண்டுமானாலும் விழும், நல்லதுதான். ஆனால் ஒரு படத்தில் இல்லாமல் போய்விடுவோமோ என்று, இலையில் உட்காராமல் கிளம்புகிற அளவுக்கு வேதனைப்படும் ஒரு மனுஷரைக்கூட அந்த மண்டபத்தில் நான் பார்க்கவில்லை.