பாக்கியம் அக்காவின் மாலைகளுக்கு ஒரு விண்ட்ஸ்கிரீன்

1. மொட்டை மாலை

பாக்கியம் அக்கா கடைக்குள் வந்ததும் ஒரு கல்யாண மாலையைத் தூக்கி எங்கள் மேசைமேல் போட்டார். தடிமனான ரோஜா மாலை. ஒரு பக்கம் பூ நிறைந்திருந்தது. மறுபக்கம் வெறும் காம்பும் நாருமாகத் தொங்கியது.

“பாரு தம்பி. இத கழுத்துல போட்டுக்கிட்டு மாப்பிள்ளை எப்படி நிப்பான்? உரிச்ச கோழி மாதிரி இருக்கு லா!”

அப்போது எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் போகும் சாலையில் ஒரு கடை. மோட்டார் சைக்கிளுக்குக் கேரியர், பக்கக் கண்ணாடி, காற்றைத் தடுக்கும் விண்ட்ஸ்கிரீன் எல்லாம் வாங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ரோஜா மாலைக்கும் எங்கள் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் முதலாளியைப் பார்த்தேன்.

முதலாளி லியோங் சீனர். சீன முதலாளிகளை எங்கள் பக்கத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தவுக்கேவுக்குத் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

“என்னா பாக்கியம், பூ விக்க இடம் இல்லன்னு இங்க கொண்டாந்துட்டியா?” என்றார்.

“காத்து தின்னுட்டு மிச்சம் வச்சது தவுக்கே இது.”

அக்காவின் புருஷன் வீட்டில் உட்கார்ந்து மாலை கட்டுவார். அவர் கை அப்படிப்பட்ட கை. ஆனால் மோட்டார் ஓட்ட வராது. பழகப் போய் இரண்டு முறை சாக்கடையில் விழுந்து எழுந்ததோடு விட்டுவிட்டார். அதனால் அக்காதான் தன் கப்சாய் மோட்டாரில் செமோர், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் மாலை கொண்டுபோவார். கப்சாய் என்றால் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் காலை நுழைத்து உட்காரும் சின்ன மோட்டார். அந்த இடைவெளியில் உயரமான ஒரு பிரம்புக் கூடையை நிறுத்தி, அதற்குள் மாலைகளைத் தொங்கவிட்டிருப்பார்.

“மூடி போட்ட பெட்டியில வச்சி பின்னால கட்டிக்கிட்டா என்னா?” என்று கேட்டேன்.

“வச்சிப் பார்த்தாச்சு. வெயில்ல வெந்து, பூ டீத்தூள் நிறத்துக்கு வந்திருச்சு. மடிச்சி வச்சா மாலை உடைஞ்சிரும். அது தொங்கிக்கிட்டேதான் வரணும் தம்பி.”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிப்பாக இல்லை. முந்தைய நாள் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் இந்த மாலையைப் பந்தலில் தூக்கிக் காட்டி, “பாக்கியம் மாலைன்னா மொட்டை மாலை” என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் ஒரு பேர் வைத்துவிட்டால் அது பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தே போய்விடும். அடுத்த மாதம் அதே தோட்டத்தில் தண்டல் வீட்டுக் கல்யாணம். தண்டல் என்பவர் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர்களுக்கு மேற்பார்வையாளர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று தோட்டத்து ஜனம் வரும். இந்த ஒரு தடவை பார்க்கிறோம், சரியில்லை என்றால் வேறு ஆளிடம் போய்க்கொள்கிறோம் என்று தண்டல் வீட்டில் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள்.

“இருக்கறதுலயே பெரிய கண்ணாடியாப் போடு,” என்றார் அக்கா.

போட்டேன். விண்ட்ஸ்கிரீனைக் கண்ணாடி என்று சொல்வோமே தவிர, அது பிளாஸ்டிக்தான். ஹேண்டிலில் இரண்டு கிளாம்ப், அதிலிருந்து இரண்டு கம்பி, நான்கு ஸ்க்ரூ. காற்று நுழைய இடமே இருக்கக்கூடாது என்று கீழ்விளிம்பை ஹெட்லைட்டோடு ஒட்டி உட்காரவைத்தேன். விரல்கூட நுழையாது. தவுக்கே வந்து தடவிப் பார்த்துவிட்டு, “நல்லா செஞ்சிருக்க மணி,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வருவது அபூர்வம்.

2. காற்று எங்கேயிருந்து வருகிறது

அடுத்த வாரமே அக்கா திரும்பி வந்தார். இந்தத் தடவை மாலை இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார். ரோஜா இதழ்கள் கொட்டின.

“மாலையில இருக்கவேண்டியது என் மண்டையில இருக்கு தவுக்கே. செமோர் தாண்டறதுக்குள்ள மூக்குல பூ, வாய்ல பூ. முன்னயாச்சும் பூ ரோட்டுல போச்சு. இப்ப நானே தின்னுக்கிட்டு போறேன்.”

தவுக்கே ஒப்புக்கொள்ளவில்லை. “கண்ணாடி போட்டா காத்து எப்படி வரும்? நீ ரொம்ப வேகமா ஓட்டுற.”

“நான் ஓட்டுற வேகத்துக்கு மாடு என்னை முந்திக்கிட்டுப் போவுது!”

அக்கா தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். “இங்க பாருங்க. தாடைக்கு அடியில வந்து ஒட்டுது. முன்னாலருந்து காத்து அடிச்சா பூ பின்னால பறந்து போவும். இது கீழருந்து மேல வருது.”

“காத்து என்னா ஆட்டுக்குட்டியா, கால் இடுக்குல பூந்து வர்றதுக்கு?” என்று தவுக்கே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மாட்டிய கண்ணாடி. விரல் நுழையாதபடி மாட்டியிருக்கிறேன். அப்படியும் எப்படிக் காற்று வருகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காதுபோல இருந்தது. அக்காவிடம் முதல் நாள் விற்காமல்போன பூ ஒரு பை நிறைய இருந்தது. அதைக் கூடைக்குள் கொட்டச் சொல்லி, மோட்டாரை நானே எடுத்தேன்.

கடை வாசலைத் தாண்டி கியர் மாற்றினேன். கூடைக்குள் இருந்த பூ சட்டென்று எழுந்தது. கிளறிவிட்டதுபோல் சுழன்று நேராக என் முகத்துக்கு வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம் வரை ஓட்டினேன். முச்சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய் போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையெல்லாம் ரோஜா, தலையில் சம்பங்கி. “இன்னைக்குக் கல்யாணமா?” என்று மலாயில் கேட்டார். இல்லை, வேலை என்றேன். அவர் கைகாட்டி மற்ற வண்டிகளை நிறுத்தி, என்னை முதலில் போகவிட்டார். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் அக்கா மாலை கட்டும் நூலில் விரல் நீளத் துண்டுகள் நறுக்கிக் கொடுத்தார். கூடையின் வாயைச் சுற்றியும் கண்ணாடியின் உள்பக்கமும் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினேன். நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ காற்று அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான் கணக்கு. கூடை வாயில் இருந்த நூலெல்லாம் செங்குத்தாக மேலே நின்றன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவை என் பக்கம் வராமல் கண்ணாடியை நோக்கி, அதாவது வண்டி போகும் திசையிலேயே சாய்ந்தன.

அப்போதுதான் விளங்கியது. பெரிய கண்ணாடி காற்றை இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது. அதற்குப் பின்னால் வெற்றிடம்போல ஒன்று உண்டாகிறது. அதை நிரப்ப, காலடியிலிருந்து காற்று கூடை வழியாக மேலே ஏறுகிறது. நான் எவ்வளவு இறுக்கமாக அடைத்தேனோ அவ்வளவு வேகமாக ஏறுகிறது. முன்னாலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் கீழேயிருந்து அது வர வேண்டியதில்லை.

3. ரம்பம்

“கண்ணாடியை மேல தூக்கணும் தவுக்கே. ஹெட்லைட்டுக்கு மேல மூணு விரல் சந்து விடணும்.”

“தூக்கு. யாரு வேணாம்னா?”

“தூக்கினா மேல் விளிம்பு அக்கா கண்ணுக்கு மேல போயிரும். மழையில கண்ணாடி வழியாப் பார்த்து ஓட்டணும். ஒன்னும் தெரியாது. அதனால மேல வெட்டணும்.”

தவுக்கேயின் முகம் மாறிவிட்டது. “புது சாமானை வெட்டுவியா? பிளாஸ்டிக் டா. ஒரு இடத்துல கீறல் விட்டா கடைசி வரைக்கும் ஓடும். வெட்டினதை எந்தக் கடையில திருப்பிக் குடுக்கறது?”

“நான் வாங்கிட்டேன், அது என் கண்ணாடி. உடைஞ்சாலும் என்னுதுதான். வெட்டு தம்பி,” என்றார் அக்கா.

கண்ணாடியை மூன்று விரல் தூக்கி மாட்டிவிட்டு, அக்காவை மோட்டாரில் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். நேராகச் சாலையைப் பார்க்கும்போது மேல் விளிம்பு அவர் மூக்கு நுனிக்கு நேராக வரும்படி கோடு போட்டேன். அப்படி இருந்தால் காற்று தலைக்கு மேலே ஏறிப் போகும், கண்ணுக்கு மட்டும் வழி இருக்கும். கோட்டின்மேல் இரண்டு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டினேன். பல் நெருக்கமான இரும்பு ரம்பம். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கிடத்தி, அடியில் பழைய டயர் டியூப்பை மடித்து வைத்தேன்.

அந்த வேலையை அவசரமாகச் செய்ய முடியாது. வேகமாக அறுத்தால் பிளாஸ்டிக் உருகி ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விரிசல். தவுக்கே பார்க்கச் சகிக்காமல் வெளியே போய் சாலையைப் பார்த்து நின்றுகொண்டார். அக்கா தன் இரண்டு கையாலும் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடவில்லை. வெட்டுத்துண்டு கீழே விழுந்து டக்கென்று சத்தம் கேட்டதும் வெளியிலிருந்து தவுக்கே கத்தினார்.

“உடைச்சிட்டியா?”

“வெட்டிட்டேன்!”

உள்ளே வந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். அலமாரியிலிருந்து அரத்தை எடுத்து அவரே விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.

கண்ணாடியை மாட்டி, நூல் கட்டி மறுபடி ஓட்டினேன். கூடை வாயில் இருந்த நூல்கள் சும்மா அசைந்தன. ஒன்றிரண்டு மட்டும் இன்னும் எழுந்தன. அதற்கு அக்காவே வழி சொன்னார். ஒரு சாக்கை நனைத்து மடித்துக் கூடையின் அடியில் விரித்தார். கீழேயிருந்து வரும் காற்றும் நின்றது, பூவுக்கும் குளிர்ச்சி.

4. தண்டல் வீட்டுக் கல்யாணம்

கல்யாணத்தன்று காலையில் தவுக்கே தன்னுடைய மோட்டாரை என்னிடம் கொடுத்தார். “பின்னாலயே போ. நம்ம கண்ணாடி எப்படி நிக்குதுன்னு பார்த்துட்டு வா.” நம்ம கண்ணாடி என்று அவர் சொன்னதைக் கவனித்தேன்.

சுங்கை சிப்புட் வரை தார்ச்சாலையில் ஒரு குறையும் இல்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியதும்தான் ஆட்டம் தொடங்கியது. லாரிகள் போய்ப்போய் பாதை முழுக்கப் பள்ளம். கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே அக்காவின் கண்ணாடி தலையாட்டிக்கொண்டே போனது. ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியபோது இடது பக்கம் சரிந்து, ஹேண்டில்மேல் சாய்ந்துவிட்டது.

நான் ஓடிப் பார்த்தேன். இடது கம்பியின் நட்டைக் காணோம். பிளாஸ்டிக் விரிசல் விடக்கூடாது என்று அளவாகத்தான் முடுக்கியிருந்தேன். அளவாக முடுக்கியது சரி. கழலாமல் இருக்க இரண்டாவது நட்டு ஒன்றைச் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். கருவிப் பையில் அந்த அளவு நட்டு இல்லை.

தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மேளம் ஆரம்பிச்சிட்டாங்க தம்பி. என்னா செய்யலாம்?”

“கழட்டிட்டு ஓட்டலாம் அக்கா. கொஞ்ச தூரந்தானே.”

“கொஞ்ச தூரத்துலதான் மொட்டையாவும்.” கூடையின் ஓரத்தில் செருகியிருந்த ஈர வாழைநாரை எடுத்து நீட்டினார். “இதுல மாலையே நிக்குது. உன் கண்ணாடி நிக்காதா?”

அவரே கட்டினார். என் கையை ஒதுக்கிவிட்டு, கம்பியையும் கிளாம்பையும் சேர்த்துச் சுற்றி, மாலைக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டு இழுத்தார். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

பந்தல் வாசலில் பெண்ணின் பெரியப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், மொட்டை மாலை என்று பேர் வைத்த அந்தத் தாய்மாமன். தண்டலுக்கு நெருங்கிய சொந்தமாம். அக்கா கூடையிலிருந்து மாலையை வெளியே எடுத்தார். நுனியில் தண்ணீர்த்துளியோடு முழுசாக இருந்தது. தாய்மாமன் அதைக் கையில் வாங்கி ஒருமுறை உதறினார். ஒன்றும் விழவில்லை. மறுபடி பலமாக உதறினார். ஒரே ஓர் இதழ் சுற்றிக்கொண்டு தரைக்கு வந்தது.

எல்லாரும் அந்த இதழையே பார்த்தார்கள்.

“அது நீங்க உதிர்த்தது. காத்து கணக்குல சேக்காதீங்க,” என்றார் பாக்கியம் அக்கா.

முதலில் சிரித்தவர் தாய்மாமன்தான். “சரிம்மா, மாலை நல்லாத்தான் இருக்கு. போய் ரெண்டு பேரும் சாப்பிடுங்க,” என்று மாலையை இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டுபோனார். அக்கா திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசு விழுந்துவிட்டது என்றார். நானும் தூசு என்றே வைத்துக்கொண்டேன்.

பந்தியில் என் பக்கத்தில் ஒரு ரொட்டிக்காரர் உட்கார்ந்தார். தோட்டம் தோட்டமாக மோட்டாரில் ரொட்டி விற்பவர். வெளியே நின்ற அக்காவின் மோட்டாரைக் காட்டி, “அதே மாதிரி ஒன்னு எனக்கும் போட்டுத் தா தம்பி. காலையில பனி நெஞ்சுல ஏறுது,” என்றார்.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

“அண்ணே, ரொட்டியை எங்க வச்சிக் கட்டுவீங்க?”

“பின்னாலதான். பெரிய பெட்டி.”

“நீங்க உட்கார்ந்தா உங்க கண்ணு எவ்ளோ உயரத்துல இருக்கும்? மழையில ஓட்டுவீங்களா? செம்மண் ரோடு எவ்ளோ தூரம்?”

அவர் சோற்றைப் பிசைவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “கண்ணாடி வாங்கறதுக்கு இவ்ளோ கேள்வியா லா?”

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் விண்ட்ஸ்கிரீன் மாட்டியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அலமாரியில் எது அழகாக இருக்கிறது என்று பார்த்து எடுத்துக் கொடுக்காதீர்கள். வண்டிக்காரர் என்ன ஏற்றிக்கொண்டு எந்த வழியில் போகிறார் என்று கேளுங்கள். அதே சுமையோடு நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கீழே சந்து விடுங்கள். நட்டு இரண்டு போடுங்கள்.

ரொட்டிக்காரரிடம் அன்று இவ்வளவையும் சொல்லத் தெரியவில்லை. “அக்காவுக்குப் போட்டது அக்காவுக்குத்தான் சரிவரும் அண்ணே. திங்கட்கிழமை பெட்டியோட வாங்க, உங்களுக்கு வேற வெட்டித் தாரேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, இலையில் பாயசம் விட வந்தவருக்கு வழிவிட்டேன்.